காவேரிப்பட்டணத்தில் இறங்க வேண்டியவன்

முன்பின் தெரியாதவரிடம் பேசக் கூச்சப்பட்ட மூன்று பேர் தங்கள் கதையைச் சொல்கிறார்கள்.

பாலக்கோட்டுக்காரர்:

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தருமபுரியில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். காவேரிப்பட்டணத்தில் அக்கா வீடு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கிருஷ்ணகிரி போர்டைப் பார்த்து ஒரு வண்டியில் ஏறிவிட்டேன். "காவேரிப்பட்டணம் நிக்குமாண்ணா?" என்று கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. டிக்கெட் போட வந்தபோது "கிருஷ்ணகிரி ஒண்ணு" என்றேன். ஊர் பேரைச் சொல்லி, "அங்க நிக்காதுப்பா, ஏறும்போதே கேக்கறதில்லையா" என்று அவர் சத்தம் போட்டால் மொத்த வண்டியும் திரும்பிப் பார்க்குமே!

வண்டி பைபாஸிலேயே போனது. ஊருக்குள் திரும்பும் ரோடு பின்னால் போவதை ஜன்னலில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கிருஷ்ணகிரி போய், வேறு பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன். "ஏன்டா இவ்ளோ நேரம்?" என்றாள் அக்கா. வண்டி லேட் என்று சொன்னேன். இன்றுவரை அவளுக்கு உண்மை தெரியாது.

கூச்சம் உடைந்தது ஒரு மாம்பழ சீசனில். விருந்தாளிக்குக் கொடுக்க நல்ல பழமாக இரண்டு பெட்டி வாங்கி வா என்று முதலாளி என்னைக் கிருஷ்ணகிரிக்கு அனுப்பினார். எனக்கோ பழத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ரோட்டோரம் நாலு கடை தாண்டி நடந்தேன். ஐந்தாவது கடையில் கூட்டம் இல்லை, ஒரு வயதான அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். அதற்காகவே நின்றேன்.

"ஆயா, இதுல எது நல்லாருக்கும்?"

"யாருக்கு கண்ணு? இன்னிக்கே தின்னவா, நாலு நாள் வெச்சுத் தின்னவா?"

அதற்கப்புறம் நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. ஒரு செந்தூராவை எடுத்துக் காம்புப் பக்கம் கட்டைவிரலால் லேசாக அழுத்தி, மூக்கருகே கொண்டுபோய், என் மூக்குக்கும் நீட்டினார். வாசனை காம்பில்தான் முதலில் வருமாம். பெங்களூராவைக் காட்டி, "இது கிளிமூக்கு, ஜூஸ் பேக்டரிக்குப் போறது" என்று ஒதுக்கினார். நீலம் கடைசியில்தான் வரும், அதற்கு அவசரப்படாதே என்றார். மல்கோவாவில் ஒரு துண்டு அறுத்துக் கையில் வைத்தார். சாறு முழங்கை வரை வழிந்தது. புதிய ஆள் முன்னால் நின்றால் என் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பேன். அன்று அரை மணி நேரம் அந்த நினைப்பே வரவில்லை. பிசுபிசுவென்று ஒட்டிய கையைக் கழுவத் தண்ணீர் எங்கே என்றுதான் தேடினேன், அதையும் அவரிடமே கேட்டேன்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒரு புது ஆள், ஒரு கேள்வி, அதுவும் அவர் தொழிலில் அவருக்குத் தெரிந்ததாக. புதுப் புளிக்கும் பழைய புளிக்கும் நிறத்தில் என்ன வித்தியாசம் என்று ஒரு வியாபாரியிடம் கேட்டேன். ஒகேனக்கல்லில் பரிசல்காரரிடம் இது ஏன் வட்டமாக இருக்கிறது என்று கேட்டேன். பாறைகளுக்கு நடுவே எந்தப் பக்கமும் திருப்பலாம் என்று சொல்லிவிட்டு, சும்மா இருக்காமல் ஒரு சுற்றுச் சுற்றியும் காட்டினார். எனக்குக் குடல் வாய்க்கு வந்தது. ஒரு பேங்க் வரிசையில் மட்டும் "உங்க வேலையப் பாருங்க தம்பி" என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள் உறுத்தியது, அப்புறம் மறந்துவிட்டது.

தேன்கனிக்கோட்டைப் பெண்:

எங்கள் வீட்டில் தெலுங்கு. எங்கள் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய. தமிழில்தான் படித்தேன், ஆனால் தருமபுரி காலேஜில் நான் வாயைத் திறந்தால் பக்கத்துப் பெண் சிரிப்பாள். அதனால் மூன்று வருஷம் தலையாட்டியே ஓட்டினேன். ஒருநாள் பஸ்ஸில் ஒரு பாட்டி, "இது ராயக்கோட்டை போவுமாம்மா?" என்று கேட்டார். என்னுடைய அதே இழுப்பு! தெலுங்கில் பதில் சொன்னேன். என் கையைப் பிடித்தவர் இறங்கும் வரை விடவில்லை. மகன், மருமகள், தக்காளி விலை எல்லாம் ஒப்பித்துவிட்டுப் போனார். மறுநாள் காலேஜ் கேன்டீனில் நானே போய் டீ கேட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லணும். மேலே அண்ணன் சொன்ன மாதிரி யாரிடம் வேண்டுமானாலும் போய்ப் பேச எங்களால் முடியாது. ஒரு கேள்வி கேட்டால் போன் நம்பர் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் பெண்களிடமும் கடைக்காரர்களிடமும் கண்டக்டரிடமும் பேசிப் பழகினேன். எனக்கு அது போதும்.

பர்கூர்க்காரர்:

சிகாகோவில் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களை வைத்து நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இருவர் செய்த ஆய்வு 2014-ல் வந்தது. சிலரைப் பக்கத்து ஆளிடம் பேசச் சொன்னார்கள், சிலரை வாய்மூடி வரச் சொன்னார்கள். எது நன்றாக இருக்கும் என்று வேறு சிலரை ஊகிக்கச் சொன்னபோது பேசாமல் போவதுதான் என்றார்கள். கடைசியில் பேசினவர்களுக்குத்தான் பயணம் நன்றாக இருந்ததாம். அந்த ஊரில் முன்பின் தெரியாதவரிடம் பேசாமல் போவதுதான் வழக்கம். "எந்த ஊரு?" என்று கேட்காத ஆளே இல்லாத நம் பக்கத்தில் நாற்பது வருஷம் பேசாமல் போன என்னை என்ன சொல்வது!

போன வாரம் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வண்டி. பக்கத்து சீட்டுக்காரரிடம் துணிந்து, "எந்த ஊருங்க?" என்றேன். "தூக்கம் வருதுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார். காது சூடாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் என் தோளில் சாய்ந்து குறட்டையே விட்டார். அவர் சூளகிரிக்கு டிக்கெட் வாங்கியதைக் கேட்டிருந்தேன். ஊர் வரும்போது தட்டி எழுப்பினேன். அலறியடித்து இறங்கினவர், ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்த்து, "நீங்க எந்த ஊரு?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.