புதுப்பிப்பு: விண்டோஸில் பிரேக்பாயிண்டில் நிரல் நிற்கிறது!

சென்ற வாரம் இங்கே புலம்பியிருந்தேன்: லினக்ஸுக்கென எழுதப்பட்ட சிறிய திறமூல டீபக்கரை (இன்னொரு நிரலை இடையிடையே நிறுத்திப் பிழை தேட உதவும் கருவி) 64 பிட் விண்டோஸில் கம்பைல் செய்துவிட்டேன், இன்னொரு நிரலைக் கட்டுப்படுத்த லினக்ஸ் தரும் ‘பிடிரேஸ்’ அழைப்புகளுக்குப் பதிலாக விண்டோஸின் டீபக் அழைப்புகளையும் போட்டுவிட்டேன், ஆனால் பிரேக்பாயிண்ட் (நிரல் நிற்க வேண்டிய இடத்தில் வைக்கும் குறி) வைத்தாலே பிழை என்று.

குற்றவாளி பிடிபட்டான்: நினைவக முகவரிகளை வைத்திருந்த ‘லாங்’ என்ற முழு எண் வகை. 64 பிட் லினக்ஸில் அது 8 பைட்; விண்டோஸில் 4 மட்டுமே. பதினறும முறையில் 140001450 என்ற முகவரி, தலை சீவப்பட்டு 40001450 ஆகிவிட்டது. பிரேக்பாயிண்டை எழுதப் போன இடத்தில் நினைவகமே இல்லை. அந்த ஒற்றை 1-ஐத் தேடி மூன்று இரவுகள்! கம்பைலர் எச்சரித்திருக்கும், நான்தான் எச்சரிக்கைகளை அணைத்து வைத்திருந்தேன்.

முகவரி மாறிகளை எல்லாம் 8 பைட்டுக்கு மாற்றியதும் நிரல் அதன் தொடக்கச் செயற்கூறான ‘மெயின்’ வாசலில் சமர்த்தாக நிற்கிறது. ஓடும் நிரலை நிறுத்தக் கண்ட்ரோல்-சி அழுத்தினால் மட்டும் நிரலோடு டீபக்கரும் உடன்கட்டை ஏறுகிறது. இரண்டுக்கும் கன்சோல் (கட்டளைச் சாளரம்) ஒன்றே என்பதால் வந்த வினை. அதை இனிமேல்தான் பிரிக்க வேண்டும்.