சயாத்தியத்தைப் பூன்னு சொன்னா என்ன தப்பு?

கள்ளிப்பால்:
யூஃபோர்பியா மிலிங்கிற முள்ளுச்செடி படம் போட்டு "சிவப்புப் பூ"ன்னு எழுதியிருந்தேன். ஒருத்தர் வந்து "அது ஒத்தைப் பூ இல்லை, சயாத்தியம்கிற மஞ்சரி, அதாவது பல குட்டிப் பூக்கள் சேர்ந்த கொத்து"ன்னு திருத்திட்டுப் போயிட்டார். சரின்னு லென்ஸ் வச்சுப் பார்த்தேன். கிண்ணம் மாதிரி ஒரு உறை, விளிம்புல தேன் சுரப்பிகள், உள்ளே மகரந்தத்தாள்கள், நடுவுல சூலகம். ஒரு பூவுக்கு இதுக்கு மேல என்ன வேணும்? செடிகளை வகைப்படுத்தின லின்னேயஸே இதை ஒத்தைப் பூவாத்தான் எடுத்துக்கிட்டார்.

இலைக்காம்பு:
லின்னேயஸோட நின்னுட்டீங்களே சார்! லென்ஸ் எடுத்ததுதான் எடுத்தீங்க, ஒரே ஒரு மகரந்தத்தாளைப் பிடுங்கிப் பாருங்க. நடுவுல மெல்லிசா ஒரு கணு தெரியும். வெறும் மகரந்தக் கம்பிக்குக் கணு எதுக்கு? கணுவுக்குக் கீழே பூக்காம்பு, மேலேதான் மகரந்தக் கம்பி. அதாவது ஒவ்வொரு தாளும் தனியா ஒரு ஆண் பூ. இதழ் எல்லாத்தையும் இழந்து ஒத்தைத் தாளா நிக்குது. நடுவுல இருக்கிறது பெண் பூ. 19-ம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் இந்தக் கணுவைக் காட்டித்தான் வாதாடினார்.

கள்ளிப்பால்:
ஒரு கோடு தெரிஞ்சா அது தனிப் பூவா? நல்ல கதையா இருக்கே.

பழைய பொட்டனிக்காரன்:
கணு மட்டும்னா நானும் சந்தேகப்படுவேன். ஆனா சொந்தக்காரப் பேரினம் ஆந்தோஸ்டெமாவைப் பாருங்க. அதுல அதே கணுவுல சின்னதா ஒரு இதழ்வட்டம் இன்னும் இருக்கு. யூஃபோர்பியாவுல அது மறைஞ்சு தழும்பு மட்டும் மிச்சம். எனக்கு இந்த ஒரு சாட்சியே போதும்.

மகரந்தப்பொடி:
அவ்வளவு சுலபமா முடிச்சிட முடியாதுங்க ஐயா. லீஃபின்னு ஒரு மரபணு இருக்கு, "இங்கே பூ உருவாகணும்"னு சொல்றதுல முக்கியமானது. பிரென்னர்ங்கிற ஆய்வாளரோட குழு 2011-ல் அதோட புரதத்தைத் தேடினப்போ, தனித்தனிப் பூக்களோட தொடக்கநிலையில மட்டும் இல்லை, சயாத்தியம் முழுசா உருவாகத் தொடங்குற குருத்திலேயும் கிடைச்சது. செடியே அதைப் பூ மாதிரி நடத்துது.

கள்ளிப்பால்:
ஆங்! இதைத்தானே நானும் சொன்னேன்.

இலைக்காம்பு:
அவசரப்படாதீங்க. அதே ஆய்வுல ஆண் பூக்கொத்துகளோட குருத்திலேயும் அந்தப் புரதம் இருந்துச்சு. உங்க கணக்குப்படி கொத்தும் ஒரு பூ, கொத்துக்குள்ளே இருக்கிறதும் பூ, எல்லாம் சேர்ந்த கிண்ணமும் பூ. மூணு அடுக்குக்கும் ஒரே பேரா?

மகரந்தப்பொடி:
அது நியாயமான கேள்வி. மஞ்சரியோட வளர்ச்சிக்குள்ளே பூவோட மரபணு புகுந்துடுச்சுன்னுதான் அவங்களும் சொல்றாங்க. "இது மஞ்சரியே இல்லை"ன்னு சொல்லலை.

பழைய பொட்டனிக்காரன்:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. கள்ளிப்பால் சார், படத்துல சிவப்பா இருக்கே ரெண்டு, அது கிண்ணத்துக்கு அடியில இருக்கிற பூவடிச் செதில். சயாத்தியம் அதுக்கு மேலே, நடுவுல குட்டியா இருக்கு. உங்களைத் திருத்தினவரும் அந்தச் சிவப்பைத்தான் சயாத்தியம்னு நினைச்சிருந்தா, அவரும் தப்பு.

கள்ளிப்பால்:
அப்போ "சிவப்புச் செதில்"னு தலைப்பை மாத்தணுமா? ஒருத்தரும் லைக் போட மாட்டாங்க ஐயா. பூன்னே இருக்கட்டும்.