ஞானப்பல் எடுத்த மூன்றாம் நாள் வாய் திறக்கவில்லை: வலி மாத்திரையோடு தசைத் தளர்த்தி சேர்க்கலாமா?

பயிற்சி மருத்துவர்:
52 வயது ஆண், 60 கிலோ. இடது கீழ் ஞானப்பல் எடுத்து இன்று மூன்றாம் நாள். மரப்பு ஊசி சரியாகப் பிடிக்காததால் மூன்று தடவை குத்த வேண்டியிருந்தது. இப்போது முன்பற்களுக்கு நடுவே 22 மி.மீ.தான் திறக்கிறது. காய்ச்சல் இல்லை, வெளிவீக்கம் இல்லை, குழி சுத்தமாக இருக்கிறது. பிரஷருக்கு எனலாப்ரில் சாப்பிடுகிறார். அழற்சி எதிர்ப்பு மருந்தான அசெக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325, தசைத் தளர்த்தியான குளோர்சாக்சசோன் 250 சேர்ந்த மாத்திரை எழுதலாமா? தனித்தனியாகக் கொடுப்பது மேலா? எத்தனை நாளைக்கு?

வாய்முக அறுவை:
இவருக்கு எழுதலாம். இங்கே வலிப்பது தசை. கீழ்த்தாடை நரம்புக்குப் போடும் ஊசி வாயை மூட உதவும் மீடியல் டெரிகாய்ட் தசையை ஒட்டித்தான் போகிறது. எலும்பில் முட்டிய ஊசியின் முனை கொக்கி மாதிரி வளைந்துவிடும். அதே ஊசியால் மறுபடி குத்தினால் வெளியே இழுக்கும்போது தசைநாரைக் கிழிக்கும். உள்ளே கொஞ்சம் ரத்தம் கசிந்து தசை இறுகிக்கொள்ளும். அடுத்த தடவை இரண்டாவது குத்துக்கே ஊசியை மாற்றிவிடுங்கள்.

பல்லுக்குள் இருக்கும் பற்கூழின் அழற்சியில் விண்விண்ணென்று தெறிக்கும் வலிக்கு தசைத் தளர்த்தி எழுதவே எழுதாதீர்கள். அங்கே தளர்த்துவதற்குத் தசை எதுவும் இல்லை. நோயாளிக்குத் தூக்கம்தான் வரும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல் பெரியவர்களின் பல்வலிக்கு முதலில் வைப்பது இபுப்ரோஃபென் 400 போன்ற அழற்சி எதிர்ப்பு மாத்திரையைத்தான், தனியாகவோ பாராசிட்டமால் 500 சேர்த்தோ.

மாத்திரை பாதி வேலைதான் செய்யும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைத் தாடைக் கோணத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை 20 நிமிடம் வைக்கச் சொல்லுங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு அந்தப் பக்கமே தேக்கி வைத்துத் துப்பட்டும். மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஐந்து நிமிடம் வாயைத் திறந்து மூடி, தாடையை இடமும் வலமும் நகர்த்த வேண்டும். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே செருகலாம்: இன்று எத்தனை நுழைகிறதோ அத்தனையில் தொடங்கி, தினம் ஒன்று கூட்டுங்கள். நெம்பித் திறக்கக் கூடாது, கிழிந்த இடம் மறுபடி கிழியும்.

மருந்தாளுநர்:
கூட்டு மாத்திரையில் ஒரு சிக்கல் உண்டு, பலர் கவனிப்பதில்லை. அசெக்ளோஃபெனாக் ஒரு நாளைக்கு 200 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. ஆகவே இந்த மாத்திரை நாளுக்கு இரண்டுதான். குளோர்சாக்சசோனைத் தனியாகக் கொடுத்தால் 250 மி.கி. மூன்று நான்கு வேளை கொடுப்பார்கள். போதவில்லை என்று கூட்டு மாத்திரையை மூன்று வேளையாக்கினால் தளர்த்தியோடு அசெக்ளோஃபெனாக்கும் 300 ஆகிவிடும். அதனால் தனித்தனியாக எழுதுவதே என் விருப்பம். மூன்று நாள், அதிகம் போனால் ஐந்து நாள்.

பாராசிட்டமாலைக் கூட்டிப் பாருங்கள். கூட்டு மாத்திரை இரண்டில் 650 மி.கி. போய்விடுகிறது. வீட்டில் இருக்கும் 650 மாத்திரையை அவராகவே நான்கு வேளை போட்டால் மொத்தம் 3,250. உச்சவரம்பு 4,000தான், குடிப்பழக்கம் உள்ளவருக்கு அவ்வளவு தூரம் போகவே கூடாது. குளோர்சாக்சசோனும் அபூர்வமாகக் கல்லீரலைத் தாக்கும். சிறுநீர் ஆரஞ்சாகப் போவது மாத்திரையாலேயே இருக்கலாம். கண் மஞ்சளானால் அன்றே நிறுத்த வேண்டும். வண்டி ஓட்ட வேண்டாம் என்று சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

எனலாப்ரிலோடு நீர் மாத்திரையும் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டோடு அழற்சி எதிர்ப்பு மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் திணறும்.

பயிற்சி மருத்துவர்:
நீர் மாத்திரை இல்லை. ஆனால் இப்போதுதான் தெரிந்தது: நாங்கள் எழுதுவதற்கு முன்பே மெடிக்கலில் கேட்டு அசெக்ளோஃபெனாக்கோடு டைசானிடின் என்ற தசைத் தளர்த்தி 2 மி.கி. கலந்த மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சாசினும் ஓடுகிறது. எழுந்தால் தலை சுற்றுகிறதாம்.

மருந்தாளுநர்:
அடுத்த வேளை மாத்திரையைப் போடவே வேண்டாம் என்று இப்போதே போன் செய்யுங்கள். டைசானிடினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை சிப்ரோஃப்ளாக்சாசின் அடைத்துவிடும். ரத்தத்தில் தங்கும் டைசானிடினின் மொத்த அளவு பத்து மடங்கு வரை ஏறும். இந்த இரண்டையும் சேர்ப்பதே தடை. அதற்கு மேல் எனலாப்ரில் வேறு, பிரஷர் சரியத்தான் செய்யும். படுக்க வைத்து, யாராவது கூட இருந்து இன்றே பிரஷர் பார்க்க வேண்டும். மயங்கினாலோ நாடித் துடிப்பு குறைந்தாலோ அவசரப் பிரிவுக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள்.

தயோகால்ச்சிகோசைடு என்ற இன்னொரு தசைத் தளர்த்திக்கு மாற்றலாமா என்பார்கள். ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் அதை வாய்வழியாக 8 மி.கி. இரண்டு வேளை, ஏழு நாள் என்று கட்டுப்படுத்தியது. 16 வயதுக்குக் கீழேயும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது. இவருக்கு இன்று எந்தத் தளர்த்தியும் அவசரமில்லை.

வாய்முக அறுவை:
ஆமாம். பிரஷர் நிலைக்கு வரும்வரை பாராசிட்டமால் 650 மூன்று வேளை, ஒத்தடம், பயிற்சி மட்டும். அழற்சி எதிர்ப்பு மாத்திரையை அதன் பிறகு யோசிக்கலாம். எனலாப்ரிலை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிய டாக்டரிடம் பேசுங்கள்.

தினமும் ஒரே இடத்தில், முன்பல் நுனிக்கு நுனி, ஸ்கேலால் அளந்து குறித்து வையுங்கள். 35 மி.மீ. தாண்டினால் நிம்மதி. 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அளவு ஏறவே இல்லையென்றால் தொற்று என்று எடுத்துக்கொண்டு நேரில் வரவழையுங்கள். காய்ச்சல், நாக்குக்கு அடியில் வீக்கம், எச்சில் விழுங்க முடியாமை, குரல் மாற்றம், இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள், மூச்சுப்பாதை அடைபடும்.