காதை எங்கே வைப்பது? சினிமாப் பாட்டிலிருந்து வேறு இசைக்குப் போகிறவர்களுக்கு

சுதிப்பெட்டி:
சினிமாப் பாட்டு மட்டுமே கேட்டுப் பழகியவர்கள் கச்சேரியிலிருந்து அரை மணியில் எழுந்து வருவதற்கு ரசனைக் குறைவு காரணமில்லை. சினிமாப் பாட்டில் பல்லவி நான்கு நிமிடத்துக்குள் மூன்று தடவையாவது திரும்ப வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விடும். மற்ற இசைகளில் அந்தப் பிடி வேறு இடத்தில் இருக்கிறது. எந்த இசைக்கு எது பிடி என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், கேட்கிறவர் நாளைக்கே செய்து பார்க்கும்படி இருக்கட்டும். கர்நாடக இசையை நானே தொடங்குகிறேன்.

முதல் பிடி ஸட்ஜம், அதாவது 'ஸ', பாட்டின் அடி ஸ்வரம். தம்புரா ஓடும்போது வாயை மூடிக்கொண்டு அதே சுதியில் ஒரு நிமிடம் 'ம்ம்' என்று முனகுங்கள். கட்டை என்பது சுதி உயரத்தின் அளவு. ஆண் பாடகர் பெரும்பாலும் ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்குள் இருப்பார், பெண் பாடகர் நாலரையிலிருந்து ஆறுக்குள். எட்டாவிட்டால் ஒரு ஸ்தாயி இறங்கி முனகலாம். அப்புறம் முனகலை மனதுக்குள் வைத்துக்கொண்டு, ஆலாபனையில் (சாகித்தியம் இல்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) ஒவ்வொரு துண்டும் எந்த ஸ்வரத்தில் வந்து நிற்கிறது, அது உங்கள் 'ம்ம்'முக்கு எவ்வளவு மேலே என்று மட்டும் கவனியுங்கள். ராகத்தின் பெயர் இப்போதைக்கு வேண்டாம். "இது எந்த சினிமாப் பாட்டு மாதிரி இருக்கு" என்று தேட ஆரம்பித்தால் கச்சேரி வினாடி வினாவாகிவிடும், பாட்டு காதில் விழாது.

இரண்டாவது தாளம். ஆதி தாளத்துக்கு: தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. புதியவர்கள் தடுமாறுவது இரண்டு இடங்களில். பல்லவி எப்போதும் முதல் தட்டிலேயே தொடங்காது, எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சற்றுத் தள்ளியும் இருக்கும். அதனால் பாட்டைப் பார்த்துக் கையைப் போடாமல் பாடகரின் தொடையில் விழும் கையைப் பார்த்துப் போடுங்கள். அடுத்தது, பிரதான உருப்படி பல நேரம் இரண்டு களையில் இருக்கும். ஒவ்வொரு தட்டும் விரலும் இரண்டிரண்டு தடவை விழும். அது தெரியாமல் போட்டால் நாலாவது எண்ணிக்கையிலேயே வழி தவறும்.

மிஸ்ரசாபு:
ஆதியோடு நிறுத்திவிட்டீர்கள். ஏழு எண்ணிக்கைத் தாளம் வந்தால் "தகிட தகதிமி", ஐந்து வந்தால் "தக தகிட" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தால் போதும், கை தானாக வரும்.

தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) தொடங்கியதும் பாதி சபை கேன்டீனுக்குப் போகிறது. (அடை அரை மணி கழித்தும் கிடைக்கும்.) தனியில் மிருதங்கச் சொற்களைத் துரத்தக் கூடாது, முடியவும் முடியாது. தாளத்தை மட்டும் விடாமல் போடுங்கள். கடமோ கஞ்சிராவோ கூட இருந்தால் மிருதங்கம் முதலில் வாசிக்கும், அப்புறம் மாறி மாறி வரும். பின்பு குறைப்பு. ஆளுக்கு இரண்டு ஆவர்த்தனம் (தாளச் சுற்று) என்று இருந்தது ஒன்றாகும், அரையாகும், கால் ஆகும். அந்தச் சுருக்கம் முதல் நாளே காதுக்குத் தெரியும். கடைசியில் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும் கோர்வை (முடிப்புக் கட்டு) மூன்று தடவை வரும். மூன்றாவது முடியும் இடமும் பாடகர் பல்லவியை எடுக்கும் இடமும் ஒன்றே. உங்கள் கை அப்போது சரியான எண்ணிக்கையில் இருந்தால் உடம்பில் ஒரு உதறல் வரும். அதுதான் தனியின் ருசி.

கறுப்புக்கட்டை:
ராகம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் விளக்கம் சொல்லாமல் ஒரு கீபோர்டைக் கொடுங்கள். டிரான்ஸ்போஸ் (சுதியை ஏற்றி இறக்கும் வசதி) 0-வில் இருக்கட்டும். வெள்ளைக் கட்டையைத் தொடவே வேண்டாம், கறுப்பில் ஐந்து ஸ்வரம் இருக்கிறது. கைபேசித் தம்புராச் செயலியை நாலரைக் கட்டையில் ஓடவிட்டு, மூன்று கறுப்பாக உள்ள தொகுதியின் முதல் கட்டையை ஸட்ஜமாக வைத்து வாசித்தால் மோகனம். தம்புராவை ஐந்தரைக்கு மாற்றி அடுத்த கறுப்பிலிருந்து வாசித்தால் மத்யமாவதி. ஆறரையில் அதற்கும் அடுத்ததிலிருந்து ஹிந்தோளம். ஒன்றரையில், இரண்டு கறுப்பாக உள்ள தொகுதியின் முதல் கட்டையிலிருந்து சுத்த சாவேரி. இரண்டரையில் அதன் பக்கத்துக் கட்டையிலிருந்து சுத்த தன்யாசி. கட்டை அதே ஐந்துதான், ஸட்ஜம் நகர்ந்ததும் முகமே மாறிவிடும். இதுதான் கிரஹபேதம். தம்புராவை மாற்ற மறந்தால் எல்லாமே மோகனம் மாதிரிதான் கேட்கும், அங்கேதான் பலர் "ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்பார்கள். கீபோர்டில் கமகம் (ஸ்வரத்தை அசைத்து வளைப்பது) வராது என்பதால் இது எலும்புக்கூடு மட்டும்தான்.

ஹிந்துஸ்தானிக்குப் போகிறவர்கள் பெயரை நம்பி ஏமாறாதீர்கள். நம் ஹிந்தோளம் அங்கே மால்கௌன்ஸ். அங்கே ஹிந்தோல் என்பது வேறு ராகம். அவர்களுடைய பைரவிக்கு நம் தோடி பக்கம், அவர்களுடைய தோடிக்கு நம் சுபபந்துவராளி பக்கம். விளம்ப (மிக மெதுவான) ஏக்தால் தாளத்தில் 12 மாத்திரை (எண்ணிக்கை) கொண்ட ஒரு சுற்று முடிய முக்கால் நிமிடம்கூட ஆகும், கையால் எண்ணினால் சலிப்புதான் மிஞ்சும். அங்கே பிடி முக்டா. பாட்டின் அந்த ஆரம்பத் துண்டு திரும்ப வந்து 'ஸம்'மில் (சுற்றின் முதல் எண்ணிக்கை) விழுவதைக் காத்திருந்து கேளுங்கள்.

பன்னிரண்டு பார்:
மேலே சொன்ன சுத்த தன்யாசியோடு பிரதி மத்யமத்தை (மேல் 'ம') சேர்த்தால் ப்ளூஸ் இசையின் ஸ்கேல் (ஸ்வர வரிசை). கறுப்பர்களின் அமெரிக்க இசைக்குள் நுழைய நமக்கு இருக்கும் குறுக்கு வழி இது. ப்ளூஸின் அமைப்பு 12 பார் (மேற்கத்திய இசையின் தாளக் கட்டம்), பாருக்கு 4 அடி, மொத்தம் 48. ஆதி தாளத்தில் சரியாக ஆறு ஆவர்த்தனம். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறும் வரிசை: ஸட்ஜத்தில் 4 பார், மத்யமத்தில் ('ம') 2, ஸட்ஜத்தில் 2, பஞ்சமத்தில் ('ப') 1, மத்யமத்தில் 1, மறுபடி ஸட்ஜத்தில் 2. கிட்டார் என்ன செய்தாலும் இந்தச் சக்கரம் நிற்காது. ஐந்தாவது பாரில் மத்யமத்துக்கு ஏறுவது காதில் விழுந்துவிட்டால் மீதி தானே வரும்.

ஜாஸில் காதை வைக்க வேண்டியது டபுள் பேஸில் (கீழ் ஸ்வரங்கள் வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியம்). சாக்ஸபோன் பின்னால் போனால் பத்து நொடியில் தொலைந்துவிடுவோம். பேஸ் பாருக்கு நாலு ஸ்வரமாக நடக்கும், ஹைஹாட் (டிரம்ஸின் ஜோடித் தாளம்) 2-லும் 4-லும் 'சிக்' என்னும். கை தட்டுவதானால் அந்த 2, 4-இல் தட்டுங்கள். நம் ஊர்க் கூட்டம் 1, 3-இல் தட்டியே பழகியது, அங்கே தட்டினால் ஸ்விங் நடை பட்டாள நடையாகிவிடும். முதலில் மெட்டு, பிறகு அதே கார்டு வரிசையின் மேல் ஒவ்வொருவராக மனோதர்மம் (அந்த நேரத்துக் கற்பனை), கடைசியில் மறுபடி மெட்டு. முதல் தடவைக்கு ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-இல் பதிவு செய்த 'ஸோ வாட்' நல்லது. 16 பார் 'டி' (இரண்டு கட்டை) ஸட்ஜமான கரஹரப்ரியா ராக ஸ்வரங்கள், 8 பார் அரைக்கட்டை மேலே, 8 பார் மறுபடி கீழே. அந்த அரைக்கட்டை ஏற்றம் கேட்டுவிட்டால் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

சீவாளி:
இதெல்லாம் கைபேசி ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்ல வேண்டாம். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அடிஸ்தாயி வராது. ஒரு கட்டைத் தம்புராவின் மந்தர ஸட்ஜம் சுமார் 65 ஹெர்ட்ஸ். மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்), டபுள் பேஸ் எல்லாம் அந்தப் பக்கம்தான். மேலே எல்லோரும் "இதைப் பிடித்துக்கொள்" என்று சொன்னதில் பாதி, ஸ்பீக்கரிலேயே காணாமல் போயிருக்கும். வயருள்ள சாதாரண இயர்போன் போதும். காதுக்குள் இறுக்கமாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அதிலும் பேஸ் கசிந்துவிடும்.

இன்னொன்று. இணையத்தில் ஏற்றியிருக்கும் பழைய 78 ரெக்கார்டுகளில் வேகம் தவறியவை நிறைய. நூற்றுக்கு 6 பங்கு வேகம் கூடினால் சுதி அரைக்கட்டை ஏறிவிடும், குரலும் கீச்சென்றாகும். ஒரே ரெக்கார்டு இரண்டு பதிவேற்றங்களில் வேறு சுதியில் இருந்தால் பாடகர் மேல் பழி போடாமல் இயங்கியின் (பிளேயர்) வேகத்தை 0.95-க்குக் குறைத்துப் பாருங்கள். வேகம் மாறினாலும் சுதி மாறாதபடி வைத்திருக்கும் இயங்கிகளில் இந்த வைத்தியம் பலிக்காது.

நாதஸ்வரத்தை மேடைக்குப் பக்கத்தில் நின்று கேட்காதீர்கள், தவில்தான் காதை அடைக்கும். வெளிப்பிரகாரத்தில் நாற்பது ஐம்பது அடி தள்ளி நின்றால் இரண்டும் சமமாக வரும். சுவாமி புறப்பாட்டில் முதலில் வரும் கம்பீர நாட்டை ராக மல்லாரிக்கு (புறப்பாட்டு நாதஸ்வர உருப்படி) சாகித்தியம் கிடையாது, எல்லாம் தாளக் கட்டு. மிஸ்ரசாபு சொன்னபடி கையைப் போட்டுக்கொண்டு கேட்கலாம்.

கண்டசாபு:
பறையையும் பைலாவையும் விட்டுவிட்டீர்களே. பறையின் தோல் ஈரக்காற்றில் தொய்ந்துவிடும், அதனால்தான் வாசிப்பதற்கு முன் தீயில் காட்டுகிறார்கள். காய்ச்சாத பறை 'பொத்' என்று கேட்கும். ஒரு கையில் தடித்த அடிக்குச்சி, இன்னொரு கையில் மெல்லிய சிண்டுக்குச்சி. கனத்த அடியை விட்டுவிட்டு, இடையில் ஓடும் சிண்டுக்குச்சியின் சலசலப்பைக் கேளுங்கள். ஆட்டக்காரர்களின் கால் எங்கே விழுகிறது என்று பார்த்தால் எண்ணிக்கை புரியும். கூட்டத்துக்குப் பின்னால் நின்றால் கால் தெரியாது.

இலங்கைப் பைலாவும், அதன் நடை கலந்த தமிழ்ப் பொப்பிசையும் ஆறு எண்ணிக்கை. மூன்று மூன்றாகவும் போடலாம், இரண்டிரண்டாகவும் போடலாம், இரண்டும் பொருந்தும். இடது கையால் ஆறுக்கு இரண்டு, வலது கையால் ஆறுக்கு மூன்று என்று மேசையில் தட்டிப் பாருங்கள். வரவில்லை என்றால் முதலில் வலது கையை மட்டும் பத்துச் சுற்று தட்டிவிட்டு, அப்புறம் இடதைச் சேருங்கள்.