இணைய விளையாட்டில் அடுத்தவர் உடையை மறைக்கும் வசதி வேண்டுமா? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

தொடக்கப் பதிவு

நான் விளையாடுவது வாளும் மந்திரமும் நிறைந்த இணைய விளையாட்டு. பெயர் வேண்டாம். போன வாரம் எங்கள் குழு கோட்டையின் கடைசி அறையை அடைந்தது. இசை உச்சத்தில், எதிரே கதையின் பெரும் பகைவன். எனக்கு முன்னால் எங்கள் கேடயக்காரர், இளஞ்சிவப்பு நீச்சலுடையும் தர்பூசணித் தொப்பியுமாக! கேடயம்கூட வாத்து வடிவம்.

அவர் காசு, அவர் விருப்பம். என் திரையிலும் அதைப் பார்த்துத்தான் ஆக வேண்டுமா? செட்டிங்ஸ் முழுவதும் தேடினேன். பிறருடைய பெயர், செல்லப்பிராணி, மந்திர ஒளி எல்லாவற்றையும் மறைக்கலாம். உடையை மட்டும் முடியாது. விளையாட்டின் கடையில் விற்பது அதுதானே!

பதில் 1

உங்களுக்குக் கெடுவது ரசனை. சுடும் விளையாட்டில் எங்களுக்கு உயிரே போகிறது. கால் ஆஃப் டூட்டி வார்சோனில் ரோஸ் என்ற பாத்திரத்தின் கறுப்பு உடை இருட்டு மூலைகளில் தெரியவே இல்லை என்று கூச்சல் எழுந்த பிறகு, 2021இல் அதன் நிறத்தை வெளிறச் செய்தார்கள். 2023 நவம்பரில் மரக்கிளைகளால் ஆன உடல்கொண்ட இன்னொரு உடையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். முதலில் விற்பனை, பிறகுதான் வைத்தியம்.

கில்டு வார்ஸ் 2 விளையாட்டில் எதிரிகளை மட்டும் பொதுவான உருவத்தில் காட்டும் தேர்வு இருக்கிறது. எதிரே வருபவர் எந்த வகை வீரர் என்பது பார்த்த மாத்திரத்தில் புரியும். அவர் திரையில் அவர் உடை அப்படியே இருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?

பதில் 2

எனக்கு நஷ்டம். நான் உடை வாங்குகிறவள். ஒரு மேலங்கிக்குச் சாயம் தேர்ந்தெடுக்கவே ஒரு மாலைப்பொழுது போய்விடும். தீபாவளிக்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு, கண்ணை மூடியிருப்பவர்கள் வீட்டுக்கா பலகாரம் கொண்டுபோவது?

ஒருநாள் விளையாட்டின் சந்தையில் நின்றபோது முன்பின் தெரியாத ஒரு பெண், “அக்கா, இந்தப் பச்சைச் சாயம் எங்கே கிடைக்கும்?” என்று கேட்டாள். கூட்டிப்போய்க் காட்டினேன். இன்று எங்கள் குழுவின் வைத்தியர் அவள்தான். உடையை மறைத்திருந்தால் அவள் கேட்டிருக்கவே மாட்டாள். இன்னொன்று, பல விளையாட்டுகள் இலவசமாக ஓடுவதே எங்களைப் போன்றவர்கள் செலவழிப்பதால்தான்.

பதில் 3

பழைய போன் வைத்திருக்கும் எங்களுக்கு இந்த வசதி எப்போதோ கிடைத்துவிட்டது! நான் விளையாடும் மொபைல் விளையாட்டில் உடைகள் தனித் தொகுப்பாக இறங்கும். போனில் இடமில்லை என்று அதை இறக்காமல் விட்டேன். அதனால் என் கண்ணுக்கு எல்லோரும் ஒரே சாதாரண உடையில்தான் தெரிவார்கள்.

தம்பி காசு சேர்த்து, ஜொலிக்கும் தங்கக் கவசம் வாங்கிக்கொண்டு களத்தில் என் முன் வந்து நின்றான். எனக்கு வெள்ளைப் பனியன்தான் தெரிந்தது. “எப்படி அண்ணா?” என்றான். “பிரமாதம்” என்றேன். சுற்றிச் சுற்றிக் காட்டினான். இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.

தொடக்கப் பதிவர்

சிரித்துவிட்டேன். பாத்திரங்கள் காட்டும் சைகைகளுக்கு இப்படி மறைக்கும் வசதி ஏற்கெனவே வந்திருக்கிறது. தோற்றவர் முன் நின்று கழுதைபோல் கத்திச் சிரிப்பது போன்ற சில சீண்டல் சைகைகளை மறைத்துக்கொள்ளும் தேர்வை ஃபோர்ட்நைட் விளையாட்டு 2024 ஏப்ரலில் கொண்டுவந்தது. அவற்றிலும் சில கடையில் விற்றவைதான். உடைக்கு மட்டும் ஏன் கூடாது? “அனைவரும், நண்பர்கள் மட்டும், யாரும் வேண்டாம்” என மூன்று தேர்வுகள் தரட்டும்.

பதில் 2 எழுதியவர்

மூன்றுக்கும் சம்மதம். ஆனால் முதலில் “அனைவரும்” என்றே இருக்க வேண்டும். பிடிக்காதவர் செட்டிங்ஸுக்குள் போய் மாற்றிக்கொள்ளட்டும். என் உடையை எத்தனை பேர் மறைத்தார்கள் என்று மட்டும் எனக்குக் காட்ட வேண்டாம்.