மச்சான் பிரேசில்ல இருந்து வர்றாரு, தங்கச்சி மாசமா இருக்கா, ஜிகா பயம்

கடலோரத் தம்பி:
மண்டபத்துல இருக்கோம். மச்சானுக்கு கப்பல்ல வேலை, பிரேசில்ல இறங்கி அடுத்த வாரம் ஊருக்கு வர்றாரு, தங்கச்சிக்கு நாலாவது மாசம். கொசு பரப்புற ஜிகா வைரஸ் தங்கச்சிக்கு வந்தா பிள்ளைக்கு தலை சிறுத்துடும்னு சொல்றாங்களே, நெசமா?

தொண்டி நர்ஸ்:
நெசம்தான் தம்பி, ஆனா எல்லா பிள்ளைக்கும் இல்ல. 2015ல பிரேசில்ல அப்படி நெறய பிள்ளைக பிறந்துதான் 2016 பிப்ரவரில உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை அறிவிச்சுச்சு. கொசு மட்டும் இல்ல, உடலுறவு மூலமாவும் பரவும், நெறய பேருக்கு காய்ச்சலே தெரியாது, அதனால பிரசவம் வரைக்கும் ஆணுறை இல்லாம சேரவேண்டாம்னு மச்சான்கிட்ட கூச்சப்படாம சொல்லுங்க. பெரியவங்களுக்கும் அபூர்வமா கை கால் தளர்ந்துபோற குல்லியன் பாரேங்கிற நரம்பு நோய் வரும்.

கீழக்கரை வாப்பா:
டெங்கு பரப்புற அதே ஏடிஸ் கொசுதான், பகல்ல கடிக்கும். நம்ம பக்கம் தண்ணி வண்டி எப்ப வரும்னு தெரியாம டிரம்முல புடிச்சு வைக்கிறோம்ல, நேத்து எங்க நீல டிரம்முல டார்ச் அடிச்சு பாத்தேன், புழு நெளியுது. வாரம் ஒருதடவ காலி பண்ணி தேங்கா நாரு வச்சு உள்ஓரத்த நல்லா தேய்ங்க, முட்டை அங்கதான் ஒட்டிருக்கும், பழைய வேட்டித்துணி கட்டி மூடுங்க.

கடலோரத் தம்பி:
ஸ்கேன்ல தெரியுமாக்கா?

தொண்டி நர்ஸ்:
தெரியும், பெரும்பாலும் ஆறேழு மாசத்துக்கு அப்புறம்தான். மச்சான் எங்கருந்து வந்தாருன்னு டாக்டர்கிட்ட இப்பவே சொல்லிடுங்க.