சிட்னிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ரக்பி லீக் ஸ்கோரை ஆறு ஆறாகப் படியுங்கள்

மார்ச்சில் தொடங்கி அக்டோபர் தொடக்கம் வரை, திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் பேச்சு ரக்பி லீக் பற்றித்தான் இருக்கும். ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. புள்ளிக் கணக்கு பிடிபட்டால் பாதி ஆட்டம் புரிந்த மாதிரி. மெல்போர்ன் உறவினர் சொல்லிக்கொடுத்த 'கோலுக்கு ஆறு புள்ளி' கணக்கு இங்கே செல்லாது. அது ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால், வேறு ஆட்டம்.

இங்கே முக்கியமானது ட்ரை. மைதானத்தின் கடைசியில் எதிரணிப் பக்கம் இருக்கும் கோட்டைத் தாண்டிப் போய்ப் பந்தைத் தரையில் அழுத்தினால் 4 புள்ளி. கோட்டைத் தாண்டினால் மட்டும் போதாது. மூன்று பேர் மேலே விழுந்து பந்துக்கும் புல்லுக்கும் நடுவே ஒரு கையை நுழைத்துவிட்டால் ட்ரை கிடையாது. அந்த ஒரு நொடியைத்தான் வீடியோ நடுவர் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். பொறுமை வேண்டும்.

ட்ரைக்குப் பின் கன்வர்ஷன்: கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பிக்கு மேலே உதைத்தால் 2 புள்ளி. பந்தை எந்த இடத்தில் அழுத்தினாரோ, அதற்கு நேராகப் பின்னால் வந்துதான் உதைக்க வேண்டும். மூலையில் ட்ரை போட்டால் எல்லைக் கோட்டோரத்திலிருந்து உதை, கோணம் கொடுமையானது. கோட்டைத் தாண்டிய வீரர் உடனே பந்தை வைக்காமல் கம்பங்களை நோக்கி வளைந்து ஓடுவது இதனால்தான். வித்தை காட்டுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

ஆக, முழுமையான ஒரு ட்ரை 6 புள்ளி. என் யோசனை: ஸ்கோரை எண்ணாகப் பார்க்காதீர்கள், வித்தியாசத்தை ஆறால் வகுத்துப் பாருங்கள். 6 வரை என்றால் ஒரே ட்ரையில் எட்டிப் பிடிக்கலாம். 7 என்றால் முடியாது. கடைசிப் பத்து நிமிடத்தில் 6 புள்ளி முன்னிலையில் இருக்கும் அணி, ஓடுகிற ஆட்டத்திலேயே பந்தைத் தரையில் தட்டி எழும்பும்போது உதைத்து ஃபீல்டு கோல் போட முயல்வதன் ரகசியம் இதுதான். அதற்கு 1 புள்ளிதான். ஆனால் அந்த ஒன்று எதிரணியை இரண்டு முறை கோல் பக்கம் வர வைக்கும். 2021 முதல், 40 மீட்டருக்கு அப்பாலிருந்து போட்டால் என்ஆர்எல் (இங்குள்ள முதன்மை ரக்பி லீக் தொடர்) போட்டிகளில் 2 புள்ளி.

எதிரணி விதியை மீறும்போது கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் பெனால்டி கோலுக்கும் 2 புள்ளி. ரக்பியின் இன்னொரு வகையான ரக்பி யூனியனில் அது 3, ட்ரை 5, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இங்கே 2 தானே என்று பல அணிகள் உதைக்காமல், புதிதாகக் கிடைக்கும் ஆறு டேக்கிள்களை (எதிரணி ஆறு முறை மடக்கிப் பிடிக்கும் வரை பந்து நம்மிடம்) எடுத்துக்கொண்டு ட்ரைக்குப் போகும். அதற்காக அந்த இரண்டை அற்பமாக நினைக்க வேண்டாம். 2023 இறுதிப் போட்டியில் பிரிஸ்பேன் பிராங்கோஸ் 24-8 என்று முன்னிலையில் இருந்தது. 16 புள்ளி வித்தியாசம், அதாவது எதிர்த்து ஆடிய சிட்னி அணி பென்ரித்துக்கு மூன்று ட்ரை வேண்டும். மூன்றையும் போட்டார்கள், மூன்றும் கன்வர்ஷனோடு. முடிவு 26-24. இரு அணிக்கும் தலா நான்கு ட்ரை, தலா நான்கு கன்வர்ஷன். பிரித்தது, முதல் பாதியில் பென்ரித் எடுத்த ஒரு பெனால்டி கோல். அதைச் சொல்லிப் பாருங்கள், அலுவலகத்தில் உங்களுக்கு ஒரு நாற்காலி தானாக நகர்ந்து வரும். பிரிஸ்பேன்காரர் இருந்தால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

80 நிமிடம் முடிந்து சமமாக இருந்தால் கோல்டன் பாயிண்ட்: முதலில் புள்ளி எடுப்பவர் வென்றார். வழக்கமான சுற்றில் இதற்குப் பத்து நிமிடம்தான். அதிலும் யாரும் எடுக்காவிட்டால் டிரா. அந்த நேரத்தில் எல்லோரும் ஃபீல்டு கோலையே குறிவைப்பார்கள். எனக்கு அது சலிப்பு. இங்கு பிறந்தவர்களிடம் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

அணிகளின் தரவரிசைப் பட்டியலுக்கான புள்ளி தனிக் கணக்கு: வென்றால் 2, டிராவுக்கு 1. ஆட்டம் இல்லாத ஓய்வு வாரத்துக்கும் 2 உண்டு. ஆகவே பருவத்தின் நடுவில் பட்டியலைப் பார்க்கும்போது யார் ஓய்வு வாரத்தை முடித்துவிட்டார்கள் என்றும் சேர்த்துப் பாருங்கள்.